மார்வலி தணிந்தால் மருந்தை விடலாமோ?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நம் சங்கத்தின் மாதக் கூட்டங்களில் கல்வியைப் பற்றியும், தொழிலைப் பற்றியும், விவாகச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் பலர் பேசக் கேட்டு வந்திருக்கின்றோம். இன்று தேகசுகத்தைப் பற்றிச் சில வார்த்தை கூறுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்திருக்கின்றனர். தேகசுகம் என்பது பெருங்கடல். அதனுள் ஒரு துறையை மாத்திரம் எடுத்துக்கொள்ள எண்ணுகின்றோம். அத்துறையாவது மார்வலி, அதாவது, இருதயத்திற்கு வேண்டிய அளவு இரத்தம் செல்லாமையால் உண்டாகும் நெஞ்சுவலி. மேனாட்டு வைத்திய நூல்களில் இதற்கு ஆஞ்சைனா என்று பெயர். அப்பெயர் நெரித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று வந்தது.

பல நோய்கள் இருக்க இதனை யாம் எடுத்துக்கொண்டது என்னையெனின், இரண்டு காரணங்கள் உள. முதலாவது, இந்நோய் பெரும்பாலும் குடும்பத்தின் பாரத்தைத் தோளில் தாங்கும் வயதினரையே பற்றுகின்றது. இரண்டாவது, இந்நோயில் வலி நின்றவுடன் மருந்தையும் நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் வேரூன்றிக் கிடக்கின்றது. வலி நின்றது என்பது ஒன்று. நோய் நின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதால் தீபம் அணைந்த இல்லங்கள் பல. அம்மயக்கத்தை நீக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நோயின் இயல்பு

இருதயம் நம் கைம்முட்டியளவான ஒரு தசைப்பை. அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,00,000 முறை சுருங்கி விரிகின்றது. உடல் முழுமைக்கும் இரத்தத்தை அனுப்பும் இவ்வுறுப்பு, தன்னுள் நிறைந்திருக்கும் இரத்தத்தைக் கொண்டே பசியாறிக்கொள்வதில்லை. தனக்கென அமைந்த இரண்டு இரத்தக் குழாய்களும் அவற்றின் கிளைகளும் கொண்டுவருவதையே உண்டு உழைக்கின்றது. இக்குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிந்து வழி குறுகுமாயின், இருதயத்திற்கு வரும் ஆகாரம் குறைகின்றது.

நம் கிராமத்து வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலில் வண்டல் படிந்து பாதி அடைபட்டாலும், மழைக்காலத்தில் பயிர் வாடுவதில்லை. நீரின் தேவை குறைவாதலின் வருகின்ற சிறு நீரே போதுமானதாகின்றது. கோடையில் தேவை மிகுந்தபொழுதுதான் குறை வெளிப்பட்டுப் பயிர் தலைசாய்க்கின்றது. இருதயமும் அவ்வாறே. நாம் சும்மா இருக்கும்பொழுது குறுகிய குழாயில் வரும் இரத்தம் போதும். மாடிப்படி ஏறும்பொழுதும், பாரம் தூக்கும்பொழுதும், சினங்கொள்ளும்பொழுதும், வயிறு நிறைய உண்டு உடனே நடக்கும்பொழுதும், மார்கழிப் பனியில் விடியற்காலை வெளியே செல்லும்பொழுதும் தேவை மிகுகின்றது, வரவு மிகுவதில்லை. அப்பொழுது இருதயத் தசை கூக்குரலிடுகின்றது. அக்குரலே மார்வலி.

இங்கிலாந்து தேசத்து வைத்தியராகிய வில்லியம் ஹெபர்டன் என்பார் 1768ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் கழகத்தின்முன் இந்நோயின் குறிகளை முதன்முதல் தெளிவாக எடுத்துரைத்தார். அவருரை 1772இல் அச்சாயிற்று. நடக்கும்பொழுது, அதிலும் மேட்டில் ஏறும்பொழுதும் உண்டபின் நடக்கும்பொழுதும் வருவது. நின்றவுடன் மறைவது என்று அவர் அன்று கண்ட குறி, 250 ஆண்டுகள் கழிந்தும் இன்றும் மாறவில்லை.

அறிந்துகொள்வது எவ்வாறு?

இவ்வலி ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளியில் நிற்பதன்று. மார்பின் நடுவில் கல்லை வைத்தாற்போன்ற பாரம், இறுக்கம், எரிச்சல், அழுத்தம் என்று பலர் பலவாறு கூறுவர். அஃது இடத் தோளுக்கும், இடக்கையின் உட்புறத்திற்கும், கழுத்திற்கும், தாடைக்கும், சிலருக்கு முதுகிற்கும் மேல்வயிற்றிற்கும் பரவும். பெரும்பாலும் சில நிமிஷங்களே நின்று, இளைப்பாறியவுடன் தணியும்.

இளைப்பாறியவுடன் தணிகின்றது என்பதே இதில் உள்ள பெரும் ஏமாற்றம். தணிந்துவிட்டதாதலின், 'அது வாயு. நேற்று உண்ட உருளைக்கிழங்கின் வேலை' என்று சொல்லி, இஞ்சிச்சாறு ஒரு மடக்கும் சோடா ஒரு புட்டியும் குடித்து மறந்துவிடுகின்றோம். வாயுவினாலும் நெஞ்சு எரிதல் உண்டு. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும், நடந்தால் வருவதும் நின்றால் போவதுமாகிய வலியை வாயு என்று தீர்மானிக்கும் அதிகாரம் நமக்கும் இல்லை, நம் பாட்டிமார்க்கும் இல்லை. அதனை மின்வரைபடம் முதலிய சோதனைகளைக் கொண்டு வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று. பெண்டிர்க்கும், முதியோர்க்கும், நீரிழிவுடையார்க்கும் மார்வலி என்று சொல்லத்தக்க வலியே தோன்றாதிருத்தல் உண்டு. சிறிது நடந்தால் மூச்சு வாங்குதல், காரணமில்லாத களைப்பு, தாடை நோவு, குமட்டல், குளிர்ந்த வியர்வை என்னும் வேற்று வேடங்களில் இந்நோய் வரும். அடுக்களையில் நாள் முழுதும் உழைக்கும் தாயார், 'ஒன்றுமில்லை, அசதி' என்று சொல்லும்பொழுது, அச்சொல்லை அவ்வண்ணமே ஏற்றுக்கொள்வது பிள்ளைகளுக்கு அழகன்று.

இதுகாறும் கூறியது அடங்கி நிற்கும் மார்வலி. அஃதாவது, இவ்வளவு நடந்தால் வரும், இவ்வளவு ஓய்ந்தால் போகும் என்று கணக்கிடத்தக்கது. அக்கணக்குத் தப்புமாயின் அபாயம் அண்டியது என்று அறிக. சும்மா இருக்கும்பொழுது வருதல், உறக்கத்தினின்று எழுப்புதல், முன்னினும் சிறு உழைப்பிற்கே வருதல், முன்னினும் நெடுநேரம் நிற்றல் ஆகிய இவையெல்லாம் மாரடைப்பின் முன்தூதர்கள். இவை கண்டால் நாளை பார்த்துக்கொள்வோம் என்பது கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

உடனே தணிக்கும் மருந்து

இனி மருந்துகளைப் பற்றிக் கூறுவாம். மார்வலிக்குரிய மருந்துகள் பலவாயினும், அவற்றின் தொழில் மூன்றே. வந்த வலியைத் தணிப்பன ஒரு வகை. வலி வாராமற் காப்பன ஒரு வகை. உயிரைக் காப்பன ஒரு வகை. இம்மூன்றன் வேற்றுமையை அறிந்தவர் மருந்தில் பிழை செய்யார்.

முதல் வகையில் தலைசிறந்தது நைட்ரோகிளிசரின். இதன் வரலாறு வியப்பிற்குரியது. 1847ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து ரசாயன அறிஞராகிய சொப்ரேரோ என்பார் இதனை முதலில் ஆக்கினார். நாவில் ஒரு துளி வைத்துப் பார்த்தபொழுது கடுந்தலைவலி உண்டாயிற்றென்று எழுதினார். மலையைப் பிளக்கும் டைனமைட் என்னும் வெடிமருந்தை 1867இல் நோபல் என்பவர் இப்பொருளைக்கொண்டே செய்தார். 1879இல் லண்டன் வைத்தியர் வில்லியம் மர்ரல் இதனை மிகச் சிறு அளவில் மார்வலிக்குக் கொடுத்துக் குணங்கண்டு வெளியிட்டார். 1896இல் காலஞ்சென்ற நோபலுக்கே அவர்தம் இறுதிநாட்களில் வைத்தியர்கள் இம்மருந்தை எழுதிக்கொடுத்தனர். இது நம் உடலில் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றது. அவ்வாயு நம் உடலில் செய்திகொண்டு செல்வதைக் கண்ட அறிஞர் மூவர்க்கு 1998இல் அந்நோபலின் பெயரால் அமைந்த பரிசே கிடைத்தது.

இந்நாட்டில் இதன் உறவாகிய ஐசோசார்பைடு டைநைட்ரேட் என்பதே பலர் சட்டைப்பையில் இருப்பது. சார்பிட்ரேட் என்னும் பெயரால் அதனை யாவரும் அறிவர். இதனை வழங்கும் முறை தெரியாமையால் மருந்து கையிலிருந்தும் பயன்படாமற் போவதுண்டு. ஆதலின் முறையைக் கேளுங்கள்.

வலி தோன்றியவுடன் செய்யும் வேலையை நிறுத்துக. உட்கார்ந்துகொள்க. நின்றுகொண்டே மருந்தை இட்டுக்கொண்டால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலைசுற்றி விழ நேரிடும். மாத்திரையை விழுங்காமல் நாவின் அடியில் வைத்துக் கரைய விடுக. சில நிமிஷங்களில் வலி தணியும். சிறிது தலைவலி தோன்றின் அஞ்சற்க. அது மருந்தின் இயல்பு. ஐந்து நிமிஷம் கழிந்தும் வலி தணியாவிடின், அல்லது மிகுமாயின், அது மாரடைப்பாயிருக்கலாம். அப்பொழுது 108 என்னும் எண்ணிற்குத் தொலைபேசியில் அழைத்து ஆம்புலன்ஸ் வருவித்தல் வேண்டும். அது வருமுன், வைத்தியர் முன்னரே விதித்திருப்பின், இரண்டாவது மாத்திரையை இடலாம். வலியுடன் தாமே மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லும் துணிவு வீரமன்று, அவிவேகம்.

இம்மாத்திரை பீரோவில் பூட்டி வைப்பதற்கன்று. கடையிலும், வயலிலும், விவாக மண்டபத்திலும் உடனிருத்தல் வேண்டும். வெயிலும் வெப்பமும் படாமல் காத்துக் காலாவதித் தேதியையும் நோக்குதல் வேண்டும். படியேறுமுன் வலி வருவது உறுதியென்று தெரிந்தவர், வைத்தியரைக் கேட்டு, ஏறுமுன்னரே ஒன்றை நாவின் அடியில் வைத்துக்கொள்ளலாம்.

நாணத்தால் பிறர் சொல்லத் தயங்கும் ஒன்றை யாம் இங்கே வெளிப்படக் கூறுதல் கடமை. தாம்பத்தியத்திற்கென ஆடவர் சிலர் உட்கொள்ளும் சில்டெனாஃபில், டடலாஃபில் என்னும் மாத்திரைகளுடன் இம்மருந்து சேருமாயின் இரத்த அழுத்தம் சடுதியில் வீழ்ந்து உயிருக்கே கேடு விளையும். முன்னதை உட்கொண்ட 24 மணி நேரத்திற்குள்ளும், பின்னதை உட்கொண்ட 48 மணி நேரத்திற்குள்ளும் இதனைத் தொடலாகாது. அவற்றை உட்கொண்டவர் ஆஸ்பத்திரியில் அதனை ஒளியாமற் கூறுதல் வேண்டும். நாணம் ஒரு நிமிஷம்; உயிர் ஒன்றே.

நாள்தோறும் காக்கும் மருந்துகள்

இரண்டாம் வகை மருந்துகள் வலி வாராமற் காப்பன. மெட்டோபுரோலால், அட்டெனோலால், பிசோபுரோலால் முதலியன பீட்டா தடுப்பிகள் என்னும் இனம். இவை இருதயத்தின் துடிப்பைத் தணித்து அதன் உழைப்பைக் குறைக்கின்றன. வரவைப் பெருக்க இயலாவிடத்துச் செலவைச் சுருக்கும் வழி இது. இவ்வினத்தின் வழியைக் கண்ட ஜேம்ஸ் பிளாக் என்னும் அறிஞர் 1988இல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்துமா உடையவர் அதனை வைத்தியரிடம் முன்னரே கூறுதல் வேண்டும். அம்லோடிபின், டில்டியாசெம் முதலியன மற்றோர் இனம். அம்லோடிபினால் சிலர்க்குக் கணுக்கால் வீங்குவதுண்டு. நெடுநேரம் வேலை செய்யும் நைட்ரேட் மாத்திரைகளும் உள. அவற்றைக் காலையும் பிற்பகலும் கொடுத்து இரவில் விடுவது, உடல் அம்மருந்திற்குப் பழகி மரத்துப்போகாதிருத்தற் பொருட்டு. ஆதலின், 'இரவுக்கும் ஒன்று இருக்கட்டும்' என்று நாமே கூட்டிக்கொள்ளுதல் தவறு.

மூன்றாம் வகை மருந்துகளே மிகவும் இன்றியமையாதன. அவையே மிகவும் அலட்சியம் செய்யப்படுவன. சிறிய அளவு ஆஸ்பிரின், குழாயின் குறுகிய இடத்தில் இரத்தம் உறைந்து அடைபடாமற் காக்கின்றது. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் முதலிய ஸ்டாட்டின்கள் கொழுப்பைக் குறைப்பதோடு, படிந்த கொழுப்பு வெடித்துச் சிதறாதவாறு அதனை உறுதிப்படுத்துகின்றன. ஜப்பானிய அறிஞராகிய அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சைகளை ஆராய்ந்து 1970களில் இவ்வின மருந்தின் முதலைக் கண்டார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையவர்க்கு ராமிபிரில் முதலியவற்றையும் சேர்ப்பர்.

இம்மூன்றாம் வகையின் குறை யாதெனின், இவற்றை உண்டதனால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. தலைவலி மாத்திரை தலைவலியைப் போக்குகின்றது, கண்ணாரக் காண்கின்றோம். ஸ்டாட்டின் மாத்திரையோ வாராத மாரடைப்பைத் தடுத்தது. வாராததை யார் காண்பர்? கடைவாயிலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவற்காரனைப் பார்த்து, 'திருடன் வரவே இல்லையே, உனக்குச் சம்பளம் எதற்கு?' என்று கேட்டு விலக்கிய முதலாளியின் கதையே நம் கதை. காவற்காரன் இருந்தமையாலன்றோ திருடன் வரவில்லை!

ஒரு வியாபாரியை எண்ணிக்கொள்வோம். வயது 52. படியேறும்பொழுது மார்பில் பாரம். வைத்தியர் ஐந்து மாத்திரை எழுதினார். புகையிலையை விட்டார், மாத்திரையை விடாது உண்டார், இரண்டு மாதத்தில் வலி நீங்கிற்று. மூன்றாம் மாதம், 'ஆங்கில மருந்து சூடு. ஆயுள் முழுதும் உண்டால் சிறுநீரகம் கெடும்' என்று ஓர் உறவினர் உபதேசித்தார். மாதச் செலவும் உறுத்திற்று. ஐந்தையும் ஒரேநாளில் நிறுத்தினார். விளைவு யாது? பீட்டா தடுப்பியைச் சடுதியில் நிறுத்தினால், கட்டுண்டிருந்த இருதயம் திமிறிப் படபடத்து, வலி முன்னினும் கடுமையாகத் திரும்பும், மாரடைப்பும் நேரலாம். ஆஸ்பிரின் என்னும் காவலும் இல்லை. இவ்வாறு நடப்பது அரிதன்று என்பதை ஆஸ்பத்திரிகளில் பணிபுரிவோர் அனைவரும் அறிவர்.

மருந்துகளால் தொல்லைகளே இல்லையென்று யாம் கூறவில்லை. ஆஸ்பிரினால் வயிற்றில் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாகலாம். மலம் கருநிறமாகச் செல்லின் உடனே கூறுதல் வேண்டும். ஸ்டாட்டினால் சிலர்க்குத் தசைநோவும், ராமிபிரிலால் வறட்டிருமலும் வரும். இவற்றிற்கெல்லாம் மாற்று உண்டு. அளவைக் குறைக்கலாம், வேறொன்றைக் கொடுக்கலாம். மாற்றுவதும் நிறுத்துவதும் வைத்தியர் கையிலிருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து. மூட்டுநோவிற்கென டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி உண்பதும் இந்நோயினர்க்கு ஆகாது. அவை மாரடைப்பின் அபாயத்தை மிகுவிப்பன. நாட்டு மருந்து உண்போர் அதனையும் வைத்தியரிடம் மறையாமற் கூறுக.

ஸ்டெண்டும் சஸ்திர சிகிச்சையும்

1977இல் சூரிச் நகரில் குருண்ட்சிக் என்னும் வைத்தியர், குறுகிய இருதயக் குழாயினுள் சிறு பலூனைச் செலுத்தி விரித்தார். அதன் வளர்ச்சியே இன்று குழாயில் வைக்கும் ஸ்டெண்ட் என்னும் வலைச்சுருள். மாரடைப்பு நேரும்பொழுது இஃது உயிர்காக்கும் பெருஞ்சிகிச்சை. அப்பொழுது ஒரு கணமும் தயங்கலாகாது. அடங்கி நிற்கும் மார்வலியிலோ செய்தி வேறு. இந்தியா உள்ளிட்ட 37 தேசங்களில் 5,179 நோயாளரைக் கொண்டு நடந்து, 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நல்ல மருந்துடன் முதலிலேயே ஸ்டெண்டோ பைபாஸோ செய்தவர்க்கும், முதலில் மருந்து மாத்திரம் உண்டவர்க்கும் சில ஆண்டுகளில் மரணத்திலும் மாரடைப்பிலும் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லையென்று காட்டிற்று. வலி நீங்குவதில் மாத்திரம் முன்னவர்க்கு நன்மை மிகுதி. இடப்பக்கத்து மூலக்குழாய் அடைபட்டவரும், இருதயம் மிகத் தளர்ந்தவரும், மருந்துக்கு அடங்காத வலியுடையவரும் அவ்வாராய்ச்சியிற் சேர்ந்தவரல்லர். அவர்க்குச் சஸ்திர சிகிச்சையே வேண்டியதாகலாம்.

இதனால் அறியத்தக்கது யாது? மருந்தை முறையாக உண்பது ஏழைக்கென ஒதுக்கிய இரண்டாந்தரச் சிகிச்சையன்று, அதுவே அடிப்படை. நகையை அடகுவைத்து ஸ்டெண்ட் வைத்துக்கொண்டு, பின் மாத்திரையை விடுபவர், கோட்டையைக் கட்டிக் கதவைத் திறந்து வைத்தவராவர். ஸ்டெண்ட் வைத்தபின் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்னும் இரண்டையும் வைத்தியர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டெண்டே அடைபடக்கூடும். பல் பிடுங்கும்பொழுதுங்கூடத் தாமே நிறுத்தலாகாது, கேட்டுச் செய்க.

வாழ்முறை

மருந்து ஒரு கை. வாழ்முறை மற்றொரு கை. ஒரு கையால் ஓசை எழாது.

முதலாவது புகையிலை. பீடியாயினும், சிகரெட்டாயினும், வெற்றிலையோடு மெல்லுவதாயினும், பொடியாயினும் இந்நோயினர்க்கு அது நஞ்சே. விட்டு ஓராண்டு ஆவதற்குள் புகையால் மிகுந்த இருதய அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகின்றது. இத்துணைப் பலன் தரும் வேறொரு காரியம் இல்லை. இதற்குக் காசும் இல்லை, மிச்சமே உண்டு.

இரண்டாவது உணவு. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமிற்குக் குறைய வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. அது தலைதட்டிய ஒரு சிறுகரண்டி. அதனுள் ஊறுகாயும், அப்பளமும், கருவாடும், மிக்சரும் அடங்கும். சோற்றைக் குறைத்துக் கீரை, காய், பயறு, சுண்டல், கேழ்வரகு, கம்பு இவற்றைக் கூட்டுக. தேங்காயெண்ணெய், நெய், பாமாயில், வனஸ்பதி இவற்றைச் சுருக்குக. ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுநாள் மீண்டும் காய்ச்சுவது சிக்கனமன்று. மீன் உண்போர் அதனைப் பொரிக்காமல் குழம்பாக உண்க. ஒரே வேளையில் வயிறு புடைக்க உண்ணாது பகிர்ந்து உண்க, உண்டவுடன் நடக்கற்க. மதுவோ, விடுதலே நன்று.

மூன்றாவது தேகாப்பியாசம். மார்வலி வந்தவர் படுக்கையிலே கிடக்க வேண்டுமென்பது பழங்கொள்கை. வைத்தியர் அனுமதித்தபின் நாள்தோறும் 30 நிமிஷம், வாரத்தில் ஐந்து நாட்களேனும் நடத்தல் வேண்டும். முதலிலும் முடிவிலும் மெல்ல நடந்து, இடையில் சற்று விரைக. பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும், அதுவே அளவு. வலி தோன்றின் நின்றுவிடுக. பழனி போன்ற மலைத்தலங்களுக்குச் செல்வோர், இளமையில் ஏறிய படியாயிற்றே என்று வீம்பு கொள்ளாது, அங்குள்ள இழுவை இரயிலையோ ரோப் காரையோ நாடுக. அதனால் பக்தி குறைந்துவிடாது.

நான்காவது மனம். ஜான் ஹண்டர் என்பார் லண்டனில் புகழ்பெற்ற சஸ்திர வைத்தியர், மார்வலியுடையவர். தம்மைச் சினமூட்டும் எவன் கையிலும் தம் உயிர் இருக்கின்றதென்று அவரே சொல்லுவாராம். 1793இல் தம் ஆஸ்பத்திரியின் நிர்வாகக் கூட்டத்தில் எதிர்த்துப் பேசப்பட்டுச் சினமேறி வெளியேறியவர் அவ்விடத்திலேயே உயிர்துறந்தார். நம் வீட்டுப் பாகப்பிரிவினைப் பேச்சுக்களிலும், ஏன், நம் சங்கத்தின் தேர்தற் கூட்டங்களிலும் இதனை நினைவிற்கொள்ளுதல் நலம்.

குடும்பத்தின் கடமையும் சங்கத்தின் கடமையும்

இந்நோய் ஒருவர் மார்பில் இருப்பினும், அதனை ஆளவேண்டியது குடும்பம் முழுமையும். மருந்தின் பெயர்களைத் தாளில் எழுதி ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பையிலும் வைத்தல், மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே வாங்குதல், தலைவர்க்கென்று தனிச் சமையல் செய்யாமல் வீட்டார் யாவரும் அவ்வுணவையே உண்ணுதல் இவையெல்லாம் மனையாளும் மக்களும் செய்யத்தக்கன. நோயுற்றவர் மனையாளாயின், அவருக்கு இதே கவனிப்பைக் கணவர் செய்யக் கடமைப்பட்டவர்.

செலவென்று அஞ்சுவோர்க்கு ஒரு வார்த்தை. இம்மருந்துகளுட் பல, காப்புரிமை நீங்கியவையாதலின், பொதுப்பெயரில் மலிவாகக் கிடைக்கின்றன. அரசினர் ஆஸ்பத்திரிகளில் விலையின்றிப் பெறலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மருந்துகளை வீட்டிற்கே கொணர்ந்து தருகின்றனர். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தால், மாரடைப்பென ஐயுறும்பொழுது ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் மருந்தாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகின்றனர். கிராமத்தில் உள்ளவர்கள் இதனை மறவாதிருக்க.

நெடுநாளாக எம் உள்ளத்தை உறுத்தும் ஒன்றைக் கூறாது விடுத்தல் இயலாது. வீட்டில் மணமாகாத பெண் இருக்கின்றாள் என்று தந்தையின் மார்வலியை மறைக்கின்றனர். 'இருதய நோய்க்காரர் வீடு' என்ற பெயர் வந்துவிடுமாம். ஆஸ்பத்திரிக்குச் செல்வதும் இரவில். மாத்திரைப் பெட்டியும் பரண்மேல். சகோதரர்களே! இந்நோய் களங்கமன்று. தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதிற்கு முன்னும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதிற்கு முன்னும் இருதய நோய் வந்திருப்பின், மற்றவரும் கொழுப்பு, சர்க்கரை, அழுத்தம் மூன்றையும் காலத்தே சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதனால் பெறப்படும் அறிவுரை. மறைக்கும் வீட்டில் மக்கள் இதனை அறிவது எங்ஙனம்? பெண் கொள்வோர் இதனைக் குறையென எண்ணுதலும், கொடுப்போர் இதனை மறைத்தலும் ஒருங்கே ஒழிய வேண்டும். மணப்பந்தலில் தந்தை உயிரோடு நிற்பதைவிடச் சீர் வேறுண்டோ?

இறுதியாக நம் சங்கத்திற்கு நான்கு விண்ணப்பங்கள். மாதக் கூட்டந்தோறும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்க. நம் மண்டபத்தில் நடக்கும் விசேஷங்களில் தாம்பூலத் தட்டினின்று புகையிலையை நீக்குக. விருந்தில் பொரித்த பண்டத்தில் ஒன்றைக் குறைத்துப் பழத்தில் ஒன்றைக் கூட்டுக. 108 என்னும் எண்ணையும், இரவு பகலாக இருதய சிகிச்சை செய்யும் அண்மை ஆஸ்பத்திரியின் பெயரையும் மண்டபச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி, மூச்சற்று வீழ்ந்தவர்க்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியை நம் இளைஞர்களுக்குக் கற்பிக்க. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டா, மனமே வேண்டும்.

அன்பர்களே! யாம் கூறியன பொதுநெறி. ஒவ்வொருவர்க்கும் உரிய மருந்தையும் அளவையும் அவரவர் வைத்தியரே வகுப்பர். ஆயினும் ஒன்று மாத்திரம் யாவர்க்கும் பொது. மார்வலி என்பது இருதயம் நமக்குக் காலத்தே அனுப்பும் ஓலை. பலர்க்கு அவ்வோலை வாராமலே மாரடைப்பு வந்துவிடுகின்றது. வந்த ஓலையைப் படித்தவர் பாக்கியவான்கள். படித்தபின் கிழித்தெறியாமல், நாள்தோறும் அதற்கு விடை எழுதுவது போல மாத்திரையை உண்டு, நடந்து, அளவறிந்து உண்டு வாழ்வோர் நெடுங்காலம் மக்களோடும் பேரரோடும் மகிழ்ந்திருப்பர்.